கடைப் பலகை வாசிக்கத் தெரியாத வாத்தியார்



ஜப்பான் நாட்டுப் பத்தாயிரம் யென் நோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். 1984-ஆம் ஆண்டு முதல் 2024-ஆம் ஆண்டு வரை, நாற்பது வருஷம், அந்த நாட்டின் ஆகப் பெரிய நோட்டில் ஒரே மனிதரின் முகம் அச்சாகி வந்தது. அவர் அரசர் அல்லர். படைத் தளபதி அல்லர். ஒரு நாள்கூட மந்திரியாக இருந்தவர் அல்லர். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் ஃபுக்குசாவா யுக்கிச்சி. அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். யுக்கிச்சி என்பதுதான் பெற்றவர்கள் இட்ட பெயர்.

இந்த வாத்தியார் தம் 24-ஆம் வயதில் ஒரு துறைமுகத் தெருவில் நின்றுகொண்டு, எதிரே தொங்கிய கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விழித்தார். அவருடைய கதையைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஜப்பான்காரன் கதையா என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி லயத்துக்கு லயம் சொல்லக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். நான் சொல்லும் மனிதர் 1901-ல் இறந்து போனவர். அந்த யுத்தம் நம் மண்ணுக்கு வந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்து. இருந்தாலும் அவர் மேலும் ஒரு குறை உண்டு. அதை மறைக்காமல் அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், பெற்றோர் கூட்டத்தில் வருஷா வருஷம் என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லையே சார், டியூஷனுக்கு டவுனுக்கு அனுப்ப வசதி இல்லையே, பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்ளும் என்று. நான் ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இருந்ததில்லை. இந்த மனிதரின் கதை என் பதிலைவிட நல்ல பதில்.

யுக்கிச்சி 1835-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ஒசாக்கா நகரில் பிறந்தார். தகப்பனார் சாமுராய் வகுப்புதான்; ஆனால் அதில் கடைசிப் படி. நக்காட்சு என்ற ஊரின் சிற்றரசருக்காக ஒசாக்கா வியாபாரிகளிடம் கடன் பேசுவதும் கணக்குப் பார்ப்பதும் அவர் வேலை. மனசோ புத்தகத்தில் இருந்தது. வெகு நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு சீனச் சட்ட நூல், அறுபதுக்கு மேற்பட்ட பாகங்கள் கொண்டது, மகன் பிறந்த அன்றுதான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த நூலின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்தே பிள்ளைக்கு யுக்கிச்சி என்று பெயர் வைத்தார்.

ஒன்றரை வயசில் பிள்ளை தகப்பனை இழந்தது. தாயார் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான நக்காட்சுவுக்குப் போனார். அங்கே ஒரு சங்கடம். இந்தப் பிள்ளைகள் பேசியது ஒசாக்காப் பேச்சு. ஊர்ப் பிள்ளைகள் பேசியது வேறு பேச்சு. உடை வேறு, தலை வாரும் விதம் வேறு. ஆகவே அண்ணன் தம்பி அக்காமார்கள் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டார்கள். வெளியே போனாலோ, விளையாட்டில்கூட மேல்படிச் சாமுராய் வீட்டுப் பையனை மரியாதை வைத்துப் பேச வேண்டும்; அவன் இவர்களை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை அறிந்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு யுக்கிச்சி போனது பதினான்கு, பதினைந்து வயசில்தான். அதுவரை என்ன செய்தார்? செருப்புத் தைத்தார், மரக் கட்டை செருப்பு செய்தார், கதவுகளுக்குக் காகிதம் ஒட்டினார். குடும்பத்துக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது. தாமதமாகப் போனாலும் சீன நூல்களை வேகமாகப் படித்து மேலே வந்தார்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லாமல் முடியாது. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஜப்பான் தன் கதவுகளைச் சாத்தி வைத்திருந்தது. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்கள் மட்டும் நாகசாக்கி துறைமுகத்தில் ஒரு சின்னத் தீவில் இருந்து வியாபாரம் செய்யலாம். ஆகவே மேல்நாட்டு அறிவு எதுவானாலும், வைத்தியமோ பீரங்கியோ, டச்சு மொழி வழியாகத்தான் உள்ளே வந்தது. 1853-ல் அமெரிக்கக் கப்பல்கள் பீரங்கியோடு வந்து கதவைத் தட்டின. நாடு பதறிப் போயிற்று. பீரங்கி வித்தை தெரிய வேண்டும், அதற்கு டச்சு வேண்டும் என்று அண்ணன் சொல்ல, 1854-ல் தம்பி நாகசாக்கிக்குப் புறப்பட்டார். நக்காட்சு என்ற அந்தக் குறுகிய ஊரை விட்டுப் போனால் போதும் என்பதுதான் அவருடைய உண்மையான ஆசை.

நாகசாக்கியில் ஒரு பீரங்கி நிபுணர் வீட்டில் ஒட்டிக்கொண்டார். தண்ணீர் சுமந்தார், வீட்டைக் கூட்டினார், நாய் பூனைகளைப் பார்த்துக்கொண்டார், கண் சரியில்லாத அந்த எஜமானருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினார். இத்தனைக்கும் நடுவே டச்சு எழுத்துகளைக் கற்றார். மாணவர்களே, அந்த இருபத்தாறு எழுத்துகளை மனசில் நிறுத்த அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. அப்போது வயது 19. முதலாம் வகுப்பில் ஏ, பி, சி படிக்கும் நம் பிள்ளை மூன்று நாளில் தடுமாறினால் அடிக்கக் கை ஓங்கும் தகப்பனார் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் ஒசாக்காவில் ஒகாத்தா கோவான் என்ற வைத்தியர் நடத்திய டச்சுப் பள்ளியில் சேர்ந்தார். 1856-ல் அண்ணன் இறந்தார். குடும்பத் தலைமை யுக்கிச்சியின் தலையில் விழுந்தது. ஊருக்குத் திரும்பியவருக்குக் காத்திருந்தது நாற்பது ரியோ பொற்காசுக் கடன். தகப்பனார் ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்களையும் வீட்டுச் சாமான்களையும் விற்றுத்தான் அடைத்தார்கள். இனி ஊரிலேயே இருந்து சேவகம் பார் என்றார்கள் உறவினர்கள். தாயார் ஒருவர் மட்டும் போய்ப் படி என்று அனுப்பி வைத்தார். அண்ணனின் சின்ன மகளோடு அந்த அம்மாள் தனியே நின்றார். இந்தத் தாயாரின் படம் எந்த நோட்டிலும் வந்ததில்லை.

இந்த இடைவேளையில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மேல்படிச் சாமுராய் ஒருவரிடம் கோட்டை கட்டுவது பற்றிய டச்சுப் புத்தகம் ஒன்று இருந்தது. விலைக்கு வாங்க வழியில்லை. சில நாள் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி வந்து, பொழுது விடிந்தாலும் இருட்டினாலும் கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நாட்களுக்கு மேல் உட்கார்ந்து, ஏறக்குறைய இருநூறு பக்கத்தையும் படங்களோடு கையாலேயே எழுதி முடித்தார். பிறகு புத்தகத்தை எதுவும் தெரியாதவர் போலத் திருப்பிக் கொடுத்தார். சொந்தக்காரருக்குத் தெரியாமல் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைப்பிரதிதான் அவரைக் காப்பாற்றியது. காசில்லாத மாணவனைச் சும்மா வைத்துக்கொண்டால் மற்றவர்கள் பேசுவார்கள் என்று ஆசிரியர் ஒகாத்தா, அந்த நூலை மொழிபெயர்க்கும் வேலையைக் கொடுப்பதாகச் சொல்லி அவரைப் பள்ளியிலேயே தங்க வைத்துக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஓர் அகராதி. அச்சடித்தது அல்ல, கையால் எழுதியது. அதற்கென்று ஓர் அறை. மாதம் ஆறு முறை வாசிப்புப் பரீட்சை நடக்கும். அதற்கு முதல் நாள் இரவு அந்த அறையில் விளக்கு அணையாது. ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்து வார்த்தை தேடுவார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் அர்த்தம் கேட்பது வெட்கம். கேட்கவும் மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பாய் அளவுதான் இடம். பரீட்சையில் மேலே வந்தவனுக்கு நல்ல பாய், கடைசி வந்தவன் நடைபாதை ஓரத்தில். ஒரு தடவை யுக்கிச்சிக்கு உடம்பு சரியில்லாமல் படுக்கத் தலையணை தேடினாராம். கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு வருஷமாக அவர் தலையணை வைத்துப் படுத்ததே இல்லை. படித்தபடி மேசை மேலேயே தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறார்.

இப்படி நாலைந்து வருஷம். டச்சு மொழியில் ஆள் கரை கண்டுவிட்டார். 1858-ல் சிற்றரசரின் உத்தரவின் பேரில் எடோ நகருக்கு, இப்போதைய தோக்கியோவுக்கு வந்து, சின்னதாக ஒரு டச்சுப் பள்ளியும் தொடங்கிவிட்டார்.

மறு வருஷம், 1859-ல், யோக்கோஹாமா துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. பார்த்துவிட்டு வரலாம் என்று எடோவிலிருந்து நடந்தே போனார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொட்டகை போட்டு வெள்ளைக்காரர்கள் கடை வைத்திருந்தார்கள். இவர் பேசினார், அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பேசினார்கள், இவருக்குப் புரியவில்லை. சரி, பேச்சுத்தான் இல்லை, எழுத்தாவது தெரியுமே என்று பார்த்தால், கடைப் பலகையை வாசிக்க முடியவில்லை. போத்தல் மேல் ஒட்டியிருந்த லேபிளையும் வாசிக்க முடியவில்லை. எழுத்து அதே இருபத்தாறு எழுத்துதான். வார்த்தைதான் வேறு. ஒரே ஒரு ஜெர்மன் வியாபாரி, டச்சில் எழுதிக் காட்டினால் புரிந்துகொண்டார். அந்தக் கடையில் டச்சும் ஆங்கிலமும் எதிரெதிரே அச்சடித்த மெல்லிய உரையாடல் புத்தகம் இரண்டு வாங்கிக்கொண்டு, ஒரு பகலும் ஓர் இரவுமாக நடந்த கால்களோடு வீடு திரும்பினார்.

கால் வலி பெரிசில்லை. தலையணை இல்லாமல் தூங்கிய அத்தனை வருஷமும் வீணா? அண்ணன் போனபோதும் விடாமல் படித்ததெல்லாம் ஒரு போத்தல் லேபிளுக்குக்கூடப் பயன்படவில்லையே! அன்று இரவு அவர் மனம் உடைந்து போனார்.

வாசகர்களே, இந்த இடத்தை எழுதும்போது எனக்கு என் பதின்மூன்றாம் வயது ஞாபகத்துக்கு வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் முதல் மாணவன் நான். புகுமுக வகுப்புக்கு டவுன் பள்ளிக்குப் போன முதல் வாரம், சிற்றுண்டிச் சாலைச் சுவரில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல், பக்கத்துப் பையன் எதை வாங்கினானோ அதையே கையைக் காட்டி வாங்கினேன். பசி தீர்ந்தது. வெட்கம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு நாள் வந்தே தீரும். அந்த நாளுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யுக்கிச்சிக்கு மறுநாள் என்ன நடந்தது? அந்தப் பலகையில் இருந்தது ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும், உலகத்தில் இனி அதுதான் செல்லும் என்று முடிவு கட்டினார். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. எடோவில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். மொரியாமா என்று பெயர். வெளிநாட்டு ஒப்பந்தங்களால் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நடந்து விடியற்காலையில் போனால், அரசாங்க வேலைக்குப் புறப்படுகிறேன், சாயங்காலம் வா என்பார். சாயங்காலம் போனால் வீட்டில் விருந்தாளி. இரவு பதினொரு மணிக்கு மரக்கூட்டங்களுக்கு நடுவே, வழிப்பறிக்காரனும் வாள்காரனும் திரிகிற பாதையில் தனியே திரும்பி வர வேண்டும். இரண்டு மூன்று மாதம் இப்படி அலைந்தும் கற்றது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

அரசாங்கத்தின் நூல் ஆராய்ச்சி நிலையத்தில் அகராதி இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். சடங்கு உடை எல்லாம் உடுத்திக்கொண்டுதான் சேர வேண்டும். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அகராதியை அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்கலாம், வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்று. ஒரே நாளில் அதை விட்டார்.

பிறகு ஆங்கிலத்துக்கு டச்சில் அர்த்தம் சொல்லும் ஓர் அகராதி, உச்சரிப்பும் போட்டது, யோக்கோஹாமாவில் கிடைக்கிறது என்று தெரிந்தது. விலை ஐந்து ரியோ. அவர் கையில் ஏது? சிற்றரசரின் அலுவலகத்தில் கேட்டு மன்றாடி வாங்க வைத்தார். யோக்கோஹாமாவில் வாங்கிய அந்த மெல்லிய புத்தகமும் இந்த அகராதியும்தான் இனி அவருடைய வாத்தியார்.

தனியாகப் படிப்பது கஷ்டம் என்று கூட்டாளி தேடினார். ஒருவர் தாமே முயன்று பார்த்து அலுத்துப் போனதாகச் சொன்னார். முராத்தா என்ற பெரிய படிப்பாளி, முக்கியமான நூல் எதுவானாலும் டச்சில் மொழிபெயர்ப்பு வந்துவிடும், எதற்கு வீண் வேலை என்று மறுத்துவிட்டார். கடைசியில் ஹாராதா என்ற நண்பர் மட்டும் சரி என்றார்.

புத்தகம் அர்த்தம் சொல்லும். வாய்ச் சத்தத்தை யார் சொல்வது? நாகசாக்கியிலிருந்து வந்த ஒரு சின்னப் பையனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் பேச வரும் என்று கேள்விப்பட்டு, பள்ளி நடத்தும் இந்த வாத்தியார் அவனிடம் போய் உச்சரிப்புக் கேட்டார். புயலில் கப்பல் கவிழ்ந்து வெளிநாட்டில் கிடந்து ஊர் திரும்பிய மீனவர்கள் யாராவது வந்தால், அவர்கள் தங்கும் சத்திரத்துக்கே போய் இந்த வார்த்தையை எப்படிச் சொல்வார்கள் என்று விசாரித்தார். அவர்கள் பள்ளிக்கூட வாசலையே மிதியாதவர்கள். ஆனால் காது கேட்டதை வாய் சொல்லும் அல்லவா? தோட்டத்துச் சாமான் கடையில் நாலு பாஷை பேசும் நம் கிழவிகளை நினைத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச நாளில் ஓர் ஆச்சரியம். டச்சும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்து மொழிகள். இலக்கணம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வந்தது. வீண் என்று அழுத படிப்பு வீணாகவில்லை. தெரிந்த மொழியின் மேல் காலை ஊன்றித்தான் தெரியாத மொழிக்குத் தாண்டினார்.

1860-ல் ஜப்பான் அரசு கன்ரின் மாரு என்ற சிறு கப்பலை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதன் தலைவரிடம் போய், உங்கள் வேலைக்காரனாக வருகிறேன் என்று கேட்டு ஏறிக்கொண்டார் யுக்கிச்சி. முப்பத்தேழு நாள் புயலும் அலையுமாகப் போய் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார்கள். தந்தியும் இயந்திரமும் அவருக்கு வியப்பாக இல்லை. டச்சுப் புத்தகத்தில் படித்தாயிற்று. புத்தகத்தில் இல்லாததுதான் திகைக்க வைத்தது. குப்பையில் இரும்பும் தகர டின்னும் சீண்டுவாரற்றுக் கிடந்தன. எடோவில் தீப்பிடித்தால் சாம்பலில் ஆணி பொறுக்கக் கூட்டம் கூடும். நாட்டை உண்டாக்கிய வாஷிங்டனின் வம்சத்தார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரைக் கேட்டார். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, அதைப் பற்றி அக்கறையும் இல்லை. பரம்பரைப் படிக்கட்டில் கடைசிப் படியில் பிறந்தவருக்கு அந்த அக்கறையின்மை எவ்வளவு பெரிய பாடம்!

திரும்பும்போது ஒரு வெப்ஸ்டர் அகராதி வாங்கி வந்தார். சீனர்களுக்காக எழுதிய ஆங்கிலச் சொல் தொகுப்பு ஒன்றும் வாங்கினார். அதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்பும் அர்த்தமும் எழுதிச் சேர்த்து அந்த வருஷமே அச்சிட்டார். அவருடைய முதல் புத்தகம் அதுதான். ஆங்கில 'வி' ஓசைக்கு ஜப்பானிய எழுத்து இல்லை. இருக்கும் எழுத்தின் மேல் இரண்டு கோடு இழுத்துப் புது எழுத்து ஆக்கினார். நாம் ஆய்த எழுத்தைப் 'ப'வுக்கு முன்னால் போட்டு 'ஃப' எழுதவில்லையா, அதுபோல.

1862-ல் ஐரோப்பாவுக்குப் போன தூதுக் குழுவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். கப்பல் ஹாங்காங் தாண்டி நம் சிங்கப்பூரில் நின்றது. அங்கே அவர்களைப் பார்க்க ஒரு ஜப்பானியர் வந்தார். பெயர் ஒட்டோக்கிச்சி. 1832-ல் புயலில் சிக்கி, பதினான்கு மாதம் கடலில் மிதந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கிய மாலுமி. பதினான்கு பேரில் மூன்று பேர்தான் உயிரோடு மிஞ்சினார்கள். 1837-ல் ஓர் அமெரிக்கக் கப்பல் இவர்களை ஊருக்குக் கொண்டுபோன போது, ஜப்பானியப் பீரங்கிகள் அந்தக் கப்பலைச் சுட்டு விரட்டின. ஆங்கிலத்தை வாழ்ந்தே கற்றுக்கொண்ட அவர், 1867-ல் சிங்கப்பூரிலேயே கண்ணை மூடினார். ஆங்கிலம் கற்க மீனவர்களின் சத்திரம் தேடிப் போனவர், அப்படிப்பட்ட ஒருவரை நம் ஊர்க் கரையில் சந்தித்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது.

ஐரோப்பாவில் யுக்கிச்சி கேட்ட கேள்விகள் எல்லாம் சாதாரணக் கேள்விகள். ஆஸ்பத்திரியை நடத்த யார் காசு கொடுக்கிறார்கள்? கடிதம் எப்படி வீடு வந்து சேர்கிறது? பாங்கி என்றால் என்ன? தேர்தலைத்தான் அவரால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. சபையில் எதிரிகள்போலச் சண்டை போட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கைச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் லண்டனில் ஆங்கிலப் புத்தகங்களாக வாங்கிக் குவித்துக் கொண்டுவந்தார்.

இனிச் சொல்வதைக் கவனியுங்கள். இத்தனை பாடுபட்டு ஆங்கிலம் கற்றவர் ஆங்கிலத்திலா எழுதினார்? இல்லை. 1866-ல் 'மேல்நாட்டு நிலைமை' என்ற நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். வரி, பத்திரிகை, நூலகம், ஆஸ்பத்திரி, குருடர் செவிடர் பள்ளிகள், நீராவி இயந்திரம், தந்தி, காஸ் விளக்கு, எல்லாம் ஜப்பானிய மொழியில். ஒன்றரை லட்சம் பிரதிகள் விற்றிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. திருட்டு அச்சு தனி. படித்தவர்கள் எழுதும் கடின நடையை வேண்டுமென்றே விட்டார். கிராமத்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாலும் என்ன புத்தகம் என்று புரிய வேண்டும் என்பது அவர் வைத்த அளவு. எழுதியதை வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டி, புரியவில்லை என்றால் திருத்தினார்.

ஜப்பானிய மொழியில் இல்லாத வார்த்தைகளை உண்டாக்கவும் வேண்டியிருந்தது. ஆங்கிலப் பொருளாதார நூல் ஒன்றின் பொருளடக்கத்தைப் பார்க்க ஓர் அரசாங்க அதிகாரி கேட்டார். வியாபாரப் போட்டி என்பதற்கு யுக்கிச்சி புதுச் சொல் கட்டியிருந்தார். அதில் சண்டை என்று பொருள்படும் எழுத்து இருக்கிறதே, மேலிடத்தில் இதைக் காட்ட முடியாதே என்று அதிகாரி நெளிந்தார். சரி என்று அந்த வார்த்தையை மையால் அடித்துக் கொடுத்தார். ஆனால் அந்தச் சொல்தான் ஜப்பானிய மொழியில் நிலைத்தது.

1869-ல் பிள்ளைகளுக்காக உலக நாடுகளைப் பற்றி ஒரு நூல் செய்தார். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று ஒவ்வொரு கண்டமும், அங்குள்ள மக்களும் ஊர்களும், பாடி மனப்பாடம் செய்யத் தக்க சந்தத்தில். நாம் ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பதுபோல அந்த ஊர் வாத்தியார்கள் உலகப் படத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவருடைய பள்ளிக்கூடம் 1868-ல் கேயோ என்ற பெயர் பெற்றது. அந்த வருஷம் எடோவில் உள்நாட்டுச் சண்டை. உவேனோ குன்றில் பீரங்கி வெடிக்கிறது. மாணவர்கள் கூரை மேல் ஏறிப் புகையைப் பார்க்கிறார்கள். அவர் ஆங்கிலப் பொருளாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் இரண்டாம் முறை அமெரிக்கா போய் ஒரே நூலில் பல பிரதிகள் வாங்கி வந்திருந்தார். ஆளுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. கையால் பகர்த்து எழுதும் காலம் முடிந்தது. பள்ளிச் சம்பளம் இவ்வளவு என்று வரையறுத்ததும் அவர்தான். அதுவரை ஆசிரியருக்குக் காணிக்கையை அலங்காரக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். அவரோ, சுற்ற வேண்டாம், அப்படியே கொடு என்றார். அதிகம் கொடுத்தால் மிச்சச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார்.

1872 முதல் 1876 வரை கல்வியைப் பற்றிப் பதினேழு சிறு புத்தகங்கள் வெளியிட்டார். பிறப்பினால் எவரும் மேலோ கீழோ அல்லர், படிப்புத்தான் வித்தியாசம் உண்டாக்குகிறது என்பது அவற்றின் அடிநாதம். நாடு முழுக்க லட்சக்கணக்கில் விற்றன.

குறையைச் சொல்வதாகச் சொன்னேனே. 1882-ல் ஒரு நாளிதழ் தொடங்கினார். அதில் 1885-ல் கையெழுத்தில்லாமல் வந்த ஒரு தலையங்கம் அவர் எழுதியது என்றே கருதப்படுகிறது. சீனாவும் கொரியாவும் பழசிலேயே கிடக்கின்றன, அந்தக் கூட்டாளிகளை விட்டு ஜப்பான் விலக வேண்டும் என்று அதில் இருந்தது. 1894-ல் சீனாவோடு நடந்த யுத்தத்தையும் உற்சாகமாக ஆதரித்தார். கடைசிப் படியில் பிறந்து, மேலே இருப்பவன் கீழே பார்க்கும் பார்வையை வெறுத்தவர், நாடுகள் என்று வந்தபோது அதே பார்வையைப் பார்த்தார். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவதை நான் கண்டிருக்கிறேன். நம் தாத்தாக்களின் பெயரால் நான் தாண்டிப் போக மாட்டேன்.

முதுமையிலும் அவர் விடியற்காலையில் எழுந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சில கிலோமீட்டர் நடப்பார். உடற்பயிற்சிக்கென்று தாமே உரலில் அரிசி குத்துவார். 1898-ல் பக்கவாதம் தாக்கியது. தேறி எழுந்தார். 1901-ஆம் ஆண்டு ஜனவரியில் மறுபடியும் தாக்கி, பிப்ரவரி 3-ஆம் நாள், 66-ஆம் வயதில் காலமானார்.

அவர் பள்ளி இன்று பெரிய பல்கலைக்கழகம். ஆசிரியரும் மாணவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் ஏற்படுத்திய பழக்கத்தின் அடையாளமாக, அங்கே அறிவிப்புப் பலகையில் பேராசிரியர்களின் பெயருக்குப் பின்னால் 'செங்செய்', அதாவது ஆசிரியர், என்று போடும் வழக்கம் இல்லை. மாணவர்களுக்குப் போடும் 'குன்' என்ற சாதாரணச் சொல்லையே போடுகிறார்கள். செங்செய் என்ற சொல்லை அங்கே ஒரே ஒருவருக்கு வைத்திருக்கிறார்கள். யோக்கோஹாமாவில் போத்தல் லேபிள் வாசிக்கத் தெரியாமல் நின்றாரே, அவருக்கு.